புத்தகங்களுக்கு வியர்க்கக் கூடாது

சித்திரை பிறந்ததும் அரசாங்கத்துக்கு நம் உடம்பின்மேல் பாசம் பொங்கிவிடும். பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை வெளியே வராதீர்கள் என்று மாவட்ட நிர்வாகம் கெஞ்சும். இளநீர் குடியுங்கள், மோர் குடியுங்கள், வெளிர்நிறப் பருத்தி ஆடை உடுத்துங்கள், காற்றோட்டமான இடத்தில் ஓய்வெடுங்கள் என்று வழவழப்பான தாளில் அச்சடித்து விநியோகம் நடக்கும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறையில் ஐந்து பேராகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அந்தத் தாளால் ஒரு பயன் நிச்சயம் உண்டு. மடித்து விசிறிக்கொள்ளலாம்.

வெளியே வராதே என்பவர்கள் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த ஷீட்டுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதைவிடத் தெருமுனை வேப்பமரத்தடி எவ்வளவோ மேல். மின்விசிறி ஓடும், கூரையில் சேர்ந்த அனலைத் தலைக்கு இறக்கிவைக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யும். 2024 மே மாதத் தொடக்கத்தில் வேலூரில் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அது வானிலை நிலையத்தில், நிழலில், காற்றுப் புகும் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி சொன்ன கணக்கு. ஷீட்டுக்கு அடியில் யாரும் வெப்பமானி வைப்பதில்லை. வைத்தால் எழுத வேண்டிவரும்.

அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலால் இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். செத்தவருக்கு நான்கு லட்சம் எடுத்துக்கொடுக்கத் துணிந்த கை, சாகாமல் இருக்க மத்தியானத்தில் மூன்று மணி நேரம் உட்கார ஒரு குளிர்ந்த நாற்காலி கேட்டால் மட்டும் பின்னால் போய்விடுகிறதே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த நாற்காலி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு முன் கொஞ்சம் மலையேறிவிட்டு வரலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி, ஏலகிரி மூன்றும் 2019 நவம்பரிலிருந்து ஒரே திருப்பத்தூர் மாவட்டம். கீழே தோல், மேலே குளிர். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம். கீழே வேகிற நாளில் மேலே ஐந்தாறு டிகிரி குறைவாக இருக்கும். பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘ஏழைகளின் ஊட்டி’ என்று பட்டம் கட்டிவிட்டார்கள். எந்த ஏழை என்று கேட்டுவிடாதீர்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணின் ஒரு வாரக் கூலி, மலைமேல் பல ரிசார்ட்டுகளில் ஒரு சனிக்கிழமை ராத்திரிக்குக் காணாது. மலையின் பதினான்கு கிராமங்களில் இருப்பவர்கள் கொடுத்த நிலத்தில் அந்த ரிசார்ட்டுகள் நிற்கின்றன. அவற்றின் அறைகளிலும் இப்போது ஏசி. குளிரைத் தேடி மலையேறி வந்தவருக்கு மலையின் குளிர் பற்றவில்லை.

ஏறும் வழியில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். அந்த வள்ளல்களில் பேகன், மயிலுக்குக் குளிரும் என்று போர்வை போர்த்தியவன். குளிரில் நடுங்கிய பறவைக்குக்கூட நம் மரபில் ஒரு வள்ளல் உண்டு. வெயிலில் வேகிற மனுஷருக்கு ஏழு பேரில் ஒருத்தர் இல்லை. அந்தக் குறையைத்தான் நம் கட்சிகள் நீர்மோர்ப் பந்தல் போட்டுத் தீர்க்கின்றன. பானையைவிடப் பேனர் இருபது மடங்கு பெரிசு. ரிப்பன் வெட்டிய அன்று தர்பூசணி, வெள்ளரி, மோர், போட்டோ. அடுத்த வாரம் போய்ப் பாருங்கள்: பானைக்குள் பல்லி இருக்கும், பேனரில் தலைவர் வியர்க்காமல் சிரித்துக்கொண்டிருப்பார்.

கீழே இறங்குவோம். 1948 எங்களுக்கு விசேஷமான வருஷம். ஏப்ரலில் சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பிறந்தது. செப்டம்பரில் தொழிற்சாலைகள் சட்டம் வந்தது. அதே ஆண்டில் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியாவில் அப்படிப்பட்ட முதல் சட்டம். தோலுக்கு ஓர் ஆய்வுக்கூடம், தொழிலாளிக்கு ஒரு சட்டம், வாசகனுக்கு ஒரு சட்டம். மூன்று பிள்ளைகளில் எது நன்றாக வளர்ந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தோலைப் பற்றி நாம் அறியாதது ஒன்றும் பாக்கியில்லை. பச்சைத் தோல் தண்ணீரில் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோம் ஏற்றிப் பதனிட்டால் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் அசையாது. டேனரியில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்த்துச் சுருங்கவில்லை என்று தெரிந்த பிறகே அடுத்த வேலைக்கு விடுவார்கள். செத்த ஆட்டின் தோல் எத்தனை டிகிரி தாங்கும் என்பதற்குச் சோதனை இருக்கிறது, நோட்டில் பதிவு இருக்கிறது. அந்தத் தோலை டிரம்மிலிருந்து இழுத்துப் போடுகிறவரின் தோல் எத்தனை டிகிரி தாங்கும்? அவரையும் தினம் எட்டு மணி நேரம் கொதிநீர்ச் சோதனையில்தான் வைத்திருக்கிறோம். சுருங்கினால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள், அதற்கு நோட்டு கிடையாது.

சட்டம் என்ன சொன்னது தெரியுமா? தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, வேலை நடக்கும் ஒவ்வோர் அறையிலும் நல்ல காற்று ஓட வேண்டும், தொழிலாளிக்கு உடம்பு கெடாத அளவுக்கு வெப்பம் இருக்க வேண்டும் என்றது. எப்படிச் செய்வது என்று முதலாளி திண்டாடக் கூடாதே என்று வழியையும் அதிலேயே எழுதிவைத்தார்கள்: சுவருக்கும் கூரைக்கும் வெள்ளையடிக்கலாம், தண்ணீர் தெளிக்கலாம், வெப்பம் இறங்காமல் தடுப்புக் கொடுக்கலாம். வெள்ளையடிக்க வேண்டியது சுண்ணாம்பு. தோலிலிருந்து மயிரை நீக்க மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கரைக்கும் ஊர் எங்களுடையது. அந்தச் சுண்ணாம்பில் ஒரு வாளி கூரைக்கு ஏறியிருந்தால் எத்தனையோ பேருக்கு மயக்கம் வந்திருக்காது. 18ஆம் பிரிவு இன்னும் ஒருபடி போய், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் வெயில் காலத்தில் குடிதண்ணீரைக் குளிரவைத்துக் கொடு என்றது. இதையெல்லாம் 2020இல் ஒரு தொகுப்புச் சட்டத்துக்குள் சுருட்டிச் செருகிவிட்டார்கள். பழைய சட்டம் போனது யாருக்கும் தெரியவில்லை. இருந்தது தெரிந்தால்தானே போனது தெரியும்.

இந்தப் பிரிவுகளின் கண்ணிலேயே படாத பெண்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது. கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகத்தை மூட்டையாக வாங்கி வந்து, வீட்டு வாசலில் கையால் ஊசி போட்டுத் தைத்துக் கொடுப்பவர்கள். கூலி ஜோடிக் கணக்கு. வெளிநாட்டுக் கடையில் அந்த ஜோடி விற்கும் விலையைக் கேட்டால் ஊசி கையில் ஏறிவிடும். இவர்களுக்குத் தொழிற்சாலை எது? மேலே சொன்ன சிமெண்ட் ஷீட் வீடுதான். அதற்கு ஆய்வாளர் வரமாட்டார், வெள்ளையடிக்கச் சொல்லமாட்டார். கைவியர்வை தோலில் பட்டுக் கறையாகிவிட்டால் கூலியில் பிடித்தம் மட்டும் சரியாக வந்துவிடும்.

பாலாறு இருந்தபோது இவ்வளவு கஷ்டம் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் வந்தது. ராத்திரியில் பாயை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் போய்ப் படுத்தவர்கள் இன்னமும் ஊரில் இருக்கிறார்கள். தண்ணீரைத் தோல் குடித்தது, மணலை லாரி தின்றது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ கெட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது; டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்பதும் இருக்கிறது. கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இன்று சட்ட மாணவர்கள் படிக்கும் பாடம் அது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. ஆக, எங்கள் ஆறு எங்கும் போய்விடவில்லை. சட்டக் கல்லூரி நூலகங்களில், கெட்டி அட்டை போட்ட தொகுதிகளுக்குள், ஏசியில் பத்திரமாக இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் குளிருக்குப் பஞ்சம் என்று யார் சொன்னது? ஏடிஎம் இயந்திரத்துக்கு ஏசி உண்டு. அதைக் காக்கிற கிழவருக்கு வெளியே வெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெளிநாட்டு பையர் வந்தால் உட்காரும் அறைக்கு ஏசி. அவருக்குக் காட்டும் சாம்பிள் ஷூ இருக்கும் அலமாரி அறைக்கும் ஏசி. கம்ப்யூட்டர் சர்வருக்கு ஏசி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர். புத்தகங்களுக்கு ஏசி. பொருளுக்கு வியர்க்கக் கூடாது என்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

நான் சொன்ன நாற்காலி அந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேலூரைச் சுற்றிக் கல்விக்கூடங்களுக்கு என்ன குறை? ஊரீசு கல்லூரிக்கு நூறு வயசு தாண்டிவிட்டது. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919இல் தொடங்கியது. தோலில் சம்பாதித்தவர்கள் படிப்புக்கு அள்ளிக் கொடுத்த ஊர்கள் இவை, அதை மறைத்தால் எனக்குத்தான் பாவம். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய விஐடி இன்று ஒரு சிற்றூர் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 2002இல் வந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகம் சேர்க்காட்டில் இருக்கிறது. இன்னும் சாலையோரம் முழுக்கக் கல்லூரிகள். இவற்றில் எந்த வாயிலையும் நான் குறிப்பாகச் சொல்லவில்லை. எல்லா வாயிலிலும் நிற்பவர் ஒரே காவலாளிதான், சட்டை நிறம் மட்டும் வேறு. மே மாதம் மாணவர்கள் ஊருக்குப் போன பிறகு, வாசிப்பறையில் வரிசையாக நாற்காலிகள் காலியாகக் குளிர் காயும் நேரத்தில், ஷூ தைக்கும் பெண் ஒருத்தி இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போனால் பேச்சு எப்படிப் போகும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

“இன்னாம்மா, எங்க போற?”

“லைப்ரரிக்கு சார்.”

“ஐடி கார்டு?”

“இல்ல சார். பசங்களுக்கு லீவு. ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டுப் போயிடறோம்.”

“புக்கு படிக்கவா, காத்து வாங்கவா?”

“ரெண்டுக்குந்தான் சார்.”

“காத்து வாங்கணும்னா பீச்சுக்குப் போம்மா.”

ஆம்பூரிலிருந்து மெரினா நூற்றெண்பது கிலோமீட்டர் இருக்கும். காவலாளியைத் திட்டிப் புண்ணியமில்லை. ஒப்பந்தக் கம்பெனி ஆள், அவரும் வெயிலில்தான் நிற்கிறார். நூலகத்துக்குள் அவரையும் விடமாட்டார்கள்.

உள்ளே இருப்பவர்களிடம் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “விட்டால் ஏசிக்காக வந்து உட்கார்ந்துகொள்வார்கள் சார், படிக்கவா வருவார்கள்?” ஐயா, உங்கள் மாணவர்கள் எதற்கு வருகிறார்கள்? அனலடிக்கும் ஹாஸ்டல் அறையிலிருந்து தப்பி வந்து மேஜைமேல் தலைவைத்துத் தூங்கும் பையனைப் பார்த்து, ராத்திரியெல்லாம் படித்திருப்பான் என்று மனம் இளகுகிறீர்கள். அதே தூக்கத்தை ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர் தூங்கினால் அத்துமீறல். கோயில் பிரகாரத்துக் கல்லில் மத்தியானம் படுத்திருக்கும் கிழவர்கள் எல்லாரும் சாமி பார்க்கவா போனார்கள்? பள்ளிவாசல் வராந்தாவில் லுஹர் தொழுகை முடிந்து கண்ணயர்கிறவரை யார் எழுப்பி மார்க்கக் கேள்வி கேட்கிறார்கள்? (கோயிலுக்குள் யார் போகலாம் என்ற சண்டை வேறு, அதுவும் தீர்ந்தபாடில்லை.) தோலைத் தொடுகிறவர் என்று சேரியில் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்தத் தொழிலின் பெரும்பாரத்தைச் சுமக்கிறார்கள். அப்போது வாசலில் பிறப்பைக் கேட்டார்கள், இப்போது ஐடி கார்டைக் கேட்கிறார்கள். பதில் என்னவோ பெரும்பாலும் அதே வீடுகளுக்குத்தான் போய்ச் சேருகிறது.

காற்று வாங்க வந்தவர் படிக்கமாட்டார் என்பது நூலகத்தையே அறியாத பேச்சு. சும்மா உட்கார்ந்திருப்பவர் பத்து நிமிஷத்தில் பக்கத்திலிருக்கும் தினத்தந்தியை எடுப்பார். பிள்ளை படம் பார்த்த புத்தகத்தை அம்மா எழுத்துக்கூட்டுவாள். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். நூலகத்துறைக்கு உலகமே ஏற்றுக்கொண்ட ஐந்து விதிகளை 1931இல் எழுதினார். பூட்டிவைத்த புத்தகம் எதற்கு என்பதுதான் அவர் சண்டையின் அடிநாதம். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அன்றைக்குப் புத்தகம் ஆளைத் தேடி வெயிலில் போனது. இன்றைக்கு ஆள் புத்தகத்தைத் தேடி வெயிலில் வந்தால் திருப்பி அனுப்புகிறோம்.

ஊரில் அரசு நூலகம் இருக்கிறதே, அங்கே போகவேண்டியதுதானே என்பார்கள். போகலாம். கிராமத்து நூலகங்கள் பல காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். நடுவில், வெயில் கொளுத்தும் சரியான நேரத்தில், பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை. திறந்திருக்கும்போதும் உள்ளே மின்விசிறிதான், அதுவும் நூலகர் தலைக்கு மேல். இத்தனைக்கும் இதற்கு நாம் காசு கட்டுகிறோம். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி போகிறது. அதை வசூலித்த உள்ளாட்சிகள் நூலகத்துறைக்குக் கொடுக்காமல் பாக்கி வைத்திருக்கின்றன என்பது வருஷம் தவறாமல் வரும் செய்தி. சென்னைக்காரருக்கு அண்ணா நூற்றாண்டு நூலகம் கிடைத்தது. 2010 செப்டம்பரில் திறந்தார்கள், முழுக்கக் குளிரூட்டிய கட்டடம், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் இடம் உண்டு. வேலைக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள் காலையிலேயே போய் இடம் பிடிக்கிறார்கள். வாடகை அறையின் அனலிலிருந்து தப்பித்ததும் ஒரு காரணம் என்று வெட்கமில்லாமல் சொல்கிறார்கள். யாருக்கும் நஷ்டம் ஆகவில்லை. அதையும் 2011இல் ஆட்சி மாறியதும் ஆஸ்பத்திரியாக்கப் பார்த்தார்கள், உயர் நீதிமன்றம் தடுத்தது. மதுரைக்கும் 2023இல் ஒன்று வந்துவிட்டது. தோல் ஊர்களுக்கு எப்போது என்று கேட்டால், ஏற்றுமதி எவ்வளவு தெரியுமா என்று வேறு கணக்கு சொல்கிறார்கள்.

சிகாகோவில் 1995 ஜூலையில் சில நாள் வெயிலில் எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். பலர் ஜன்னலை மூடிக்கொண்டு தனியாகக் கிடந்த வயசானவர்கள். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வெயில் ஏறினால் நூலகம்தான் இன்று ஒதுங்கும் இடம். பார்சிலோனா 2020இலிருந்து நூலகம், பள்ளி, அருங்காட்சியகம் எல்லாவற்றையும் வெயில் புகலிடம் என்று வரைபடம் போட்டு அறிவிக்கிறது. இவ்வளவு தூரம் போவானேன்? 2025இல் சென்னை மாநகராட்சி உணவு டெலிவரி செய்பவர்களுக்குச் சாலையோரம் ஏசி ஓய்வறை கட்டியது. யாரும் அவர்களிடம் படிக்க வந்தாயா என்று கேட்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் உள்ளே இருப்பவருக்கு இதனால் பகலில் ஒரு லாபமும் இல்லை. அவரை மத்தியானம் இரண்டு மணிக்கு யார் வெளியே விடப்போகிறார்கள்? அவருக்கு வேண்டியது கூரைக்கு ஒரு வாளி சுண்ணாம்பும், அதை அடிக்கச் சொல்லும் முதுகெலும்புள்ள ஓர் ஆய்வாளரும். நான் கேட்பது வீட்டில் தைப்பவருக்கு, தள்ளுவண்டிக்காரருக்கு, கர்ப்பிணிக்கு, லீவில் இருக்கும் பிள்ளைக்கு, இருமிக்கொண்டே ஓய்வுபெற்ற பழைய டிரம் ஆளுக்கு. பங்குனி முடிவிலிருந்து வைகாசிவரை, பகல் பன்னிரண்டிலிருந்து நாலுவரை, வாசிப்பறை மட்டும். புத்தகத்தை வீட்டுக்குக் கேட்கவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு எழுதச் சங்கடமாக இருந்தால் சுற்றறிக்கையை நானே வரைந்து தருகிறேன்.

‘பொருள்: கோடையில் உயிரோடிருக்க விரும்பும் பொதுமக்களை வாசிப்பறையில் அமர அனுமதித்தல் தொடர்பாக. பார்வை: மேற்படி பொதுமக்கள் கட்டிய வரி. பார்வையில் காணும் வரி தவறாமல் வரப்பெற்றுள்ளதால், உரியவர்கள் உள்ளே விடப்படுகிறார்கள். வருகைப் பதிவேட்டில் நோக்கம் என்ற கட்டத்தில் காற்று என்று எழுதுபவருக்கு ஒரு நாளிதழும், படிப்பு என்று எழுதுபவருக்கு இரண்டு நாளிதழும் தரப்படும். எழுதத் தெரியாதவருக்கு ஆராய்ச்சி மாணவர் ஒருவர் எழுதிக் கொடுப்பார். அவருக்கும் களப்பணி செய்த பலன் கிட்டும். கொட்டாவிக்குத் தடையில்லை. குறட்டை மூத்த பேராசிரியர்களின் உரிமை என்பதால் மற்றவர்கள் தவிர்க்கவும். குடிதண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். இதற்கு 1948லேயே முன்னுதாரணம் உள்ளது. தோல் வாடை வருகிறது, இவர்களைத் தனியே உட்காரவையுங்கள் என்று எவரேனும் புகார் கொடுத்தால், புகார்தாரர் முதலில் தம் ஷூ, பெல்ட், மணிபர்ஸ் மூன்றையும் கழற்றி வாயிலில் ஒப்படைத்துவிட்டு வந்து கையெழுத்திட வேண்டும்.’

வாசகத்தில் திருத்தம் இருந்தால் துணைவேந்தர்கள் கூடி உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். கூட்டத்துக்கான அறை ஏற்கெனவே குளிர்ந்துதான் இருக்கிறது.